உம் கொட்டாத சபை

எங்கள் அம்மா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு பாக்டரிக்கு வேலைக்குப் போனாள். பருத்தியில் தூசி பொறுக்குகிற வேலை. கை பொறுக்கும், வாய் கதை சொல்லும். கூட இருக்கிற பெண்கள் உம் கொட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் உம் நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்கிற ஆள் தூங்கியாச்சு என்று அர்த்தம்.

அப்போது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊரில் ஒரு வாசகசாலை உண்டு. ஆண்கள் போய்ப் பேப்பர் படிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் யாராவது கதை சொல்வார்கள். பெண்களும் வந்து சொல்லலாம் என்று காரியதரிசி ஒரு தடவை சொல்லியனுப்பினார். பாக்டரிப் பெண்கள் அம்மாவைப் பிடித்துத் தள்ளினார்கள். அம்மாவுக்கும் ஆசைதான்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

“ஏட்டி, அம்புட்டு ஆம்பளைக முன்னால நின்னு வாயத் தொறக்கப் போறியா? போறதுன்னா எங்கூடப் பேசாத.”

“சரி, பேசல” என்றாள் அம்மா.

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. எல்லாம் என் வழியாகத்தான். “சோறு ஆறுதுன்னு ஒங்கப்பாட்ட சொல்லு.” “பசிக்கலன்னு ஒங்கம்மாட்ட சொல்லு.” இருவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். நான் சொல்லிவிட்டு வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சீலை மாற்றிக்கொண்டு என்னைக் கூட்டிப் போனாள். வாசகசாலை நிறைய ஆட்கள். காரியதரிசி மதுரையில் பெரிய கூட்டமெல்லாம் பார்த்தவர். “சபை ஒழுங்கு முக்கியம். யாரும் சத்தம் காட்டக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள்.

அம்மா தொடங்கினாள்.

“ஒரு ஊர்ல ஒரு பொம்பள. அவட்ட ஒரு வெள்ளாடு.”

நிறுத்தினாள். உம் இல்லை.

“அந்த ஆடு அய்யனார் கோவிலுக்கு மேல, காட்டுக்குள்ள போயிருச்சு.”

உம் இல்லை. அம்மா முந்தானையைத் திருகினாள். முகமெல்லாம் வேர்த்தது. பின்னால் எவனோ, “ஆட்டோட கதையும் போயிருச்சுலே” என்றான். சிரித்தார்கள்.

நான் “உம்” என்றேன். “பாப்பா, உஷ்!” என்றார் காரியதரிசி.

அம்மா என் கையைப் பிடித்தாள். கிளம்பப் போகிறாள் என்று தெரிந்தது.

“உம்.”

வாசலிலிருந்து வந்தது அந்தச் சத்தம். அப்பா. உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வெளியே நின்றிருந்தார். காரியதரிசி திரும்பிப் பார்த்தார்.

“உம் கொட்டலேன்னா அவளுக்குக் கதை வராதுய்யா” என்றார் அப்பா.

அம்மா என் கையை விட்டாள். ஆட்டைத் தேடி அந்தப் பொம்பளை மலை ஏறினாள். அப்பா உம் கொட்டினார். பிறகு பின்னால் இருந்தவன் கொட்டினான். பிறகு சபையே கொட்டியது. காரியதரிசி மட்டும் வெறுமனே தலையாட்டினார்.

ஓடைக்கரையில் புலி வந்தது. “ஒன் ஆடு எங்கிட்டதான் இருக்கு. நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு, தாரேன்” என்றது. அதற்குள் இருட்டிவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், விளக்கு வைக்குமுன் மூடியாக வேண்டும். மிச்சத்தை அடுத்த வாரம் சொல்லச் சொன்னார்கள்.

வீட்டுக்கு நடந்தோம். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். அம்மா பின்னால். நான் நடுவில்.

கொஞ்ச தூரம் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“புலி என்ன கேட்டுச்சுன்னு ஒங்கம்மாட்ட கேளு.”

ஓடிப்போய்க் கேட்டேன்.

“வார ஞாயித்துக்கெழம உள்ள வந்து உக்காந்து கேக்கச் சொல்லு.”

ஓடினேன்.

“உள்ள எடம் இருக்குமான்னு கேளு.”

“எடம் போட்டு வைக்கேன்னு சொல்லு.”

தெரு முழுக்க என்னை இப்படி ஓடவிட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் வந்தது. இம்புட்டு நடந்த பிறகும் இவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லையே என்று.