ஸ்கேன் அறையில் நாதஸ்வரம்

மல்காஜ்கிரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுப்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. என் தலைக்குள் கட்டி இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார். அந்த இயந்திரத்தின் குகையைப் பார்த்ததுமே, திரும்பிப் போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

படுத்தவர்களின் காதில் ஹெட்போனை மாட்டி, ஆளுக்கேற்ற இசையை அவரே போடுவார். நான் வீணை கேட்டேன். என் பெயரைப் பார்த்திருந்ததால், அந்தத் தெலுங்கு ஊரிலும் என்னிடம் தமிழிலேயே பேசினார்.

"வீணை நக்கோம்மா, வேணாம். மிஷின் தடதடன்னு அடிக்கும், ஒண்ணுமே கேக்காது. நாதஸ்வரம் போடறேன். மிஷின் சத்தத்தத் தவில்னு நெனச்சுக்குங்க."

அரைமணி நேரம் கண்ணை இறுக மூடிக் கிடந்தேன். இயந்திரம் இடிக்க இடிக்க, நாதஸ்வரம் அதற்கும் மேலே ஏறி ஒலித்தது. ஆனாலும் பயம் போகவில்லை.

வெளியே வந்ததும் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஏதாவது இருக்கா சார்?"

"அத டாக்டர்தான் சொல்லணும்மா. ரிப்போர்ட் வர ரெண்டு நாளாகும்." ஒரு சீட்டில் மூன்று ராகங்களின் பெயரை எழுதி நீட்டினார். "அதுவரைக்கும் இதெல்லாம் நாதஸ்வரத்துல கேளுங்க."

எல்லாருக்கும் எழுதித் தருவாரா, இல்லை படத்தில் எதையோ பார்த்துவிட்டு எனக்கு மட்டும் தருகிறாரா? கேட்கத் துணிவில்லை. இரண்டு நாளும் பயந்துகொண்டேதான் அவற்றைக் கேட்டேன்.

கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். நல்ல படம், கெட்ட படம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரே முகத்தோடு எல்லாரையும் வழியனுப்புகிற அந்த மனிதர், வீட்டுக்குப் போய் எதைக் கேட்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.