கேசட்டின் மிச்ச இடம்

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் கேசட் பதிந்து கொடுத்த அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லி உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். நாம் எழுதிக் கொடுத்த பாட்டுகளைப் பதிந்தபின் நாடா மிஞ்சினால், கப்பல்காரர்களிடம் வாங்கிய ஏதாவது ஓர் ஆங்கிலப் பாட்டால் நிரப்பிவிடுவார்.

என் தங்கை கல்யாணப் பந்தியில் பக்திப் பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கியில் கிட்டார் அலறியது. பின்னாலேயே ஒருவன் தாளம் தப்பாமல் யாரையோ திட்டத் தொடங்கினான். மாப்பிள்ளையின் மாமா பாயசத்தை மடியில் கொட்டிக்கொண்டார்.

மறுநாள் சண்டைக்குப் போனேன்.

"என்ன சேட்டா இது?"

"முதல்ல கத்தினது பங்க். வேலையில்லாத வெள்ளைக்காரப் பசங்க கவர்மென்ட்டைத் திட்டுறாங்க. அதே காலத்துல அமெரிக்காவில கறுப்புப் பசங்க கிட்டாரும் வேண்டாம், வாயே போதும்னு திட்டுறாங்க. அதுதான் ராப்."

"அதுக்கு என் தங்கச்சி கல்யாணம்தான் கிடைச்சுதா?"

"பின்னே? சும்மா குடுத்தா யாரு கேக்கும்?" பென்சிலைச் செருகி ஒரு கேசட்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "இலை போட்டு உக்காந்தவன் எழுந்து போகமாட்டான், தம்பி."

அடுத்த முறை பாட்டுப் பட்டியல் எழுதியபோது, வேண்டுமென்றே இரண்டு பாட்டைக் குறைத்தேன்.