கோயில் கதவின் பின்பக்கம்

1946 தை மாதம், மலைமேல் குண்டூர் நாட்டுக் கோயிலுக்குப் புதுக் கதவு வந்தது. சேலத்துப் பட்டறையில் இருபுறமும் மெஷினே பூ குடைந்திருந்தது. பள்ளமெல்லாம் நார் சிலிர்த்து, ஓரம் கருகிக் கிடந்தது. அதை இழைத்துச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் மலைத்தச்சன் கருப்பண்ணனுக்கு.

உப்புத்தாள் பள்ளத்துக்குள் நுழையவில்லை. சொரசொரப்பான பராய் இலையைக் காயவைத்து, குச்சியில் சுற்றி, ஒவ்வோர் இதழாகத் தேய்த்தான். ஈரத்துணி பட்டதும் நார் மறுபடி எழுந்து நின்றது. மறுபடி தேய்த்தான். போகிறவனெல்லாம், "மெஷினே முடிச்சிருச்சே, இன்னும் என்னத்தைத் தேய்க்கறீங்க?" என்றான். பதினோராம் நாள் கருப்பண்ணன் இலையை விட்டெறிந்தான். பின்பக்கத்தைத் தொடவேயில்லை.

புதுக் கதவை ஊர்க்கவுண்டர்தான் முதலில் திறக்க வேண்டும். அப்பாசாமிக் கவுண்டர் முன்பக்கத்தைத் தடவினார்.

"வெண்ணெயாட்டம் இருக்குது. மெஷின் வேலைன்னா மெஷின் வேலைதானப்பா."

கருப்பண்ணனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உள்ள போயிப் பின்னாலயும் தடவிப் பாருங்க" என்றான்.

கவுண்டர் தடவினார். மரச் சிலாம்பு ஏறிய விரலைச் சப்பிக்கொண்டே வெளியே வந்தார்.

"முன்னால மெஷின் எத்தனை நல்லாச் செஞ்சிருக்குது. பின்னால நீ ஏஞ்சாமி இப்படி விட்டுட்ட?"