லமாராவின் குடிகாரக் குதி

லமாராவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. புரூக்ளினில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் ஜார்ஜிய நடனம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆள் ஐந்தடிதான். ஆனால் மேலே அவள் ஒரு அதட்டல் போட்டால், கீழே சக்கரம் கழற்றுகிறவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவான். நான் நட்டேலா, அதே தெருவில் மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கிறவள். இங்குள்ள ஜார்ஜியர்களின் பிறப்பு, கல்யாணம், விவாகரத்து எல்லாமே என் வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போகும்.

அந்த வருடம் லமாராவின் விசா முடிய இருந்தது. அபூர்வத் திறமை உள்ளவர்களுக்கென்று ஒரு குடியேற்ற விண்ணப்பம் உண்டு. அது பலித்தால் இங்கேயே இருக்கலாம். பலிக்காவிட்டால் வகுப்பைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊரான குத்தாயிசிக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

"அபூர்வமா? நானா? எனக்குக் காரை ஒழுங்கா நிறுத்தக்கூட வராதேக்கா" என்று அவள் சிரித்தாள்.

ஆனால் அவளிடம் ஒரு சரக்கு இருந்தது. எங்கள் ஆண்கள் நடனத்தில் அந்தரத்தில் எழும்பி, இரண்டு முட்டியும் பலகையில் இடிக்க வந்து இறங்குவார்கள். கூட்டம் கத்தும், முட்டி போகும். லமாராவின் அண்ணன் கேலாவுக்கு இருபத்து மூன்று வயதிலேயே படி ஏற முடியவில்லை. ஊரில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரு குடிகாரன் இருந்தான். வாரம் தவறாமல் மாடிப்படியில் உருண்டு விழுவான், எழுந்து சிகரெட் கேட்பான். 'இவன் முட்டி மட்டும் ஏன் உடையவில்லை?' என்று இவள் மண்டையைக் குடைந்துகொண்டாள். மெத்தையைத் தரையில் போட்டு மாதக்கணக்கில் விழுந்து விழுந்து பார்த்தாள். கடைசிக் கணத்தில் இடுப்பைத் தளர்த்தி விட வேண்டும். தொடையும் கெண்டைக்கால் பக்கமும் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் முட்டி தரையைத் தொட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அதே இடிச் சத்தம்தான். பையன்கள் அதற்குக் 'குடிகாரக் குதி' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அது ஊர் ஊராகப் போய்விட்டது.

இதைச் சொன்னால் போதுமே என்று நினைப்பீர்கள். எங்கள் ஆட்களைத் தெரியாமல் நினைக்கிறீர்கள்.

வக்கீல் மிரியம் துறைப் பெரியவர்களிடம் கடிதம் வாங்கிவரச் சொன்னாள். ஒருவரைப் பற்றி நல்லதாகச் சொல் என்றால் எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும். விருந்து மேசையில் ஒயின் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி பேசுகிற வழி. கடிதங்கள் வந்து குவிந்தன. ஒருவர் லமாராவைக் காக்கசஸ் மலையின் முதல் வெயில் என்றிருந்தார். இன்னொருவர் அவளைப் பெற்ற தாயின் கைகளுக்கு முத்தம் அனுப்பியிருந்தார். தலைநகர் திபிலிசியின் பெரிய நடனக் குழுத்தலைவர் ஒரு பக்கம் முழுக்க அவள் தாத்தாவின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றியே எழுதியிருந்தார். நான் அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன். அவ்வளவு அழகு.

குடியேற்ற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பாராட்டெல்லாம் சரி, இவர் புதிதாகச் செய்தது என்ன, அதனால் மற்றவர்கள் தங்கள் வேலையை எப்படி மாற்றிக்கொண்டார்கள், ஆதாரம் அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். ஒரு மனிதர்கூடக் குதியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை!

லமாரா அந்தத் திபிலிசிக் குழுத்தலைவருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, அந்தக் குதியைப் பத்தி ரெண்டு வரி எழுதுங்களேன்."

"ஏம்மா, கவர்மெண்டுக்கு எழுதற லெட்டர்ல, அதுவும் ஒரு பொம்பளை பேர் பக்கத்துல, குடிகாரன்னு எழுதுவாங்களா? உன் மானம் என்ன ஆகறது? நீ கவலைய விடு, இன்னும் நல்லா எழுதித் தரேன்."

இன்னும் நல்லா எழுதினார். இந்தத் தடவை பாட்டனாரின் குதிரையும் வந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். லமாரா வகுப்பு முடிந்ததும் கண்ணாடி முன் உட்கார்ந்து, "போயிடுவேன் போலருக்குக்கா" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

இங்கே நுக்சர் மாஸ்டரைச் சொல்ல வேண்டும். நான்கு தெரு தள்ளி இன்னொரு நடனப் பள்ளி வைத்திருக்கும் பெரியவர். அவருக்கும் லமாராவுக்கும் ஏழாம் பொருத்தம். எங்கே போனாலும் அவளைக் கரித்துக் கொட்டுவார். பெண்ணுக்காகக் கோப்பை உயர்த்தினால் ஆண்கள் எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். லமாராவின் முறை வரும்போது மட்டும் அவர் அசைய மாட்டார். விருந்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருவார், எல்லோரும் போன பிறகுதான் கிளம்புவார். அது பெரிய மனிதத் தோரணை என்று நினைத்திருந்தோம்.

ஆதாரம் அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிய சமயத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து. மிரியத்தையும் அழைத்திருந்தார்கள். நுக்சர் மாஸ்டர்தான் தமதா, அதாவது மேசைக்குத் தலைவர். தமதாவாக உட்கார்ந்தவர் மேசையில் ஒருவரையும் விடாமல் ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்லியாக வேண்டும், பிடிக்காதவராக இருந்தாலும் சரி. லமாராவின் முறை வந்தது. எல்லோரும் எழுந்தோம். அவர் உட்கார்ந்தபடியே கோப்பையை எடுத்தார்.

"லமாரா, நீ நூறு வருஷம் நல்லாயிரு. ஆனா நீ பண்ணது துரோகம்! எங்க அப்பன் காலத்துல ஒவ்வொருத்தனும் ஆம்பள மாதிரி விழுந்தான். இன்னிக்கு எவனைப் பார்த்தாலும் உன் குடிகாரக் குதிதான்!"

"ஏன் கத்தறாரு?" என்று மிரியம் என் காதைக் கடித்தாள். வெட்கத்தோடு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் கையிலிருந்த கச்சாப்புரி என்கிற சீஸ் ரொட்டித் துண்டு தட்டில் விழுந்தது.

"எவனைப் பார்த்தாலும்னா, எந்த ஊர்லன்னு கேளு!"

தமதா பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. யாரும் பேசியதில்லை. நான் கேட்டுவிட்டேன். ஆனால் மாஸ்டருக்கு ஆத்திரத்தில் அது உறைக்கவே இல்லை.

"எந்த ஊரா? திபிலிசில, பத்துமில, டொரோண்டோல! போட்டியில இந்தக் குதிக்கு மார்க் குறைக்க மாட்டோம்னு விதியையே மாத்திட்டானுங்க. நடுவர் நாற்காலியே வேணாம்னு நான் வந்துட்டேன்!"

"எந்த வருஷம்?" என்றாள் மிரியம். அவள் கைக்குட்டைத் தாளில் எழுத ஆரம்பித்திருந்தாள். "அந்த விதி எழுத்துல இருக்கா?"

மறுநாள் மாஸ்டரை என் அலுவலகத்துக்கு வரவழைத்தோம்.

"நான் அவளைப் புகழ மாட்டேன்" என்றார் வந்ததும் வராததுமாக.

"யார் புகழச் சொன்னா? புகழ்ச்சி எங்ககிட்ட மூட்டை மூட்டையா கெடக்கு. நீங்க திட்டுங்க மாஸ்டர், திட்டுனா போதும்."

அவருக்கு முகம் மலர்ந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இந்தப் பெண் எங்கள் நடனத்தைக் கெடுத்துவிட்டாள் என்று தொடங்கி, எந்தெந்தக் குழு கெட்டது, யார் மூலம் கெட்டது, போட்டி விதி எந்த வருடம் மாறியது, தன் சொந்த மாணவர்களே திருட்டுத்தனமாக எப்படிக் குதிக்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் கொட்டினார். நானும் மிரியமும் மேசைக்கடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டோம்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு எக்ஸ்ரே உறையை எடுத்து வைத்தார்.

"இதையும் சேர்த்து அனுப்பு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு முட்டியும் உலோகம்.

"பழைய முறையில குதிச்சா என்ன ஆகும்னு அந்த ஆபீசருக்கும் தெரியணும்ல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்க காலத்துல இவ இல்லாம போயிட்டா" என்றார்.

"அதையும் எழுதவா மாஸ்டர்?"

"எழுதின, கொன்னுடுவேன்."

நான் எழுதவில்லை. ஆனால் லமாராவிடம் சொல்லாமல் இருக்க நான் என்ன கல்லா? அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

விண்ணப்பம் பலித்தது! செய்தி வந்தபோது அவள் கத்திய கத்தலில் டயர் கடைக்காரன் மேலேயே ஓடிவந்துவிட்டான். வகுப்பு முழுக்க அவனையும் சேர்த்துத் தூக்கிச் சுற்றியது. அந்த வாரமே டயர் கடை மாடியில் விருந்து. வேறு யார் தமதா? நுக்சர் மாஸ்டர்தான்.

லமாராவின் முறை வந்தது. ஆண்கள் எழுந்தார்கள். மாஸ்டர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார், முகம் சிவந்தது, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். அத்தனை பேரும் பார்க்க லமாரா சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள். கைகொடுத்துத் தூக்குவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, வகுப்பில் பையன்களை அதட்டும் அதே குரலில் சொன்னாள்.

"இடுப்பைத் தளர்த்துங்க மாஸ்டர். பாரம் முழுக்கத் தொடைக்கு. முட்டியை மறந்துடுங்க. இப்ப எழுந்திருங்க!"

அவர் முறைத்தார். பிறகு இடுப்பைத் தளர்த்தினார். மெல்ல, நேராக, யார் கையும் படாமல் எழுந்து நின்றார். கோப்பையை உயர்த்தினார்.

"நட்டேலா" என்றார் என்னைப் பார்த்து. "கெட்டுப்போனவங்க பட்டியல்ல என் பேரையும் சேர்த்துக்கோ."