இன்சுலின் டப்பாவில் மூன்றாவது ஊசி

பேருந்துப் பணிமனையின் வாசலில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டு ஒன்று இருக்கிறது. எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று அதற்குள் உட்கார்ந்து பதிவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே கூண்டு, அதே நாற்காலி. ஆள் நல்ல உயரம். டிரைவர்கள் நேரில் 'மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மணிக்கூண்டு'. ஒருநாள் ஒரு டிரைவர் வாய் தவறி நேரிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பேனாவை எடுக்காமலே, "மணிக்கூண்டு சொல்லுது, நீங்க ஆறு நிமிஷம் லேட்" என்றாள். அன்றிலிருந்து அந்தப் பெயரில் கொஞ்சம் மரியாதையும் சேர்ந்துகொண்டது.

வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவளைக் கேட்டால் வந்தவர்களைப் பிடிக்கவில்லை, பிடித்தவர் வரவில்லை, அவ்வளவுதான். அதை நினைத்து அவள் உருகியதில்லை. ஆனால் ஒரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கல்யாணத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. தனியாக வந்தது, வந்த இடத்திலேயே நின்றது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் பார்த்துப் பழகியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே இரண்டு வருடம் முன்பு ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டாள்.

அண்ணனுக்குச் சிரித்ததில் புரையேறியது. "பூனை ஒண்ணு வளர்த்துக்கோயேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம்."

அண்ணி தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தியபடி, "ஏன், என் ரெண்டு பசங்களும் உனக்குப் பசங்க இல்லையா? அத்தை அத்தைன்னு உன் காலையே சுத்திட்டுத் திரியுதுங்க" என்றாள்.

அம்மா எழுந்துவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் பதினோரு நாள் மகளோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மாலை, "இன்னிக்கு ஊசி போட மறந்துட்டியா?" என்று கேட்டாள். பேச்சு திரும்பிவிட்டது. விஷயம் திரும்பவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் போடுவது மகளின் பொறுப்பு. நான்கு வருடமாக மாலை ஏழரைக்கு அம்மா கட்டிலில் சாய்ந்து சேலையை விலக்கி வயிற்றைக் காட்டுவாள். இவள் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போடுவாள். அதில் அவள் கை அவ்வளவு தேர்ந்திருந்தது.

போன வருடம் யாரிடமும் சொல்லாமல் ஒரு மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, "தனியா இருக்கற பொண்ணுங்க இப்ப நிறைய பேர் வர்றாங்க. தயங்காம கேளுங்க" என்றார். வழிகளையும் அவரே சொன்னார். தானம் தந்தவருடைய விந்தணுவை நேராகக் கருப்பையில் வைக்கலாம். எளிது, ஆனால் இந்த வயதில் தங்குவது கடினம். கருமுட்டையை எடுத்து வெளியே கருவாக்கி உள்ளே வைக்கலாம். சொந்த முட்டை சரிப்படாவிட்டால் இன்னொரு பெண்ணின் முட்டையைப் பெறலாம். முட்டையை உறைய வைப்பது என்றும் ஒன்று உண்டு. "அதை நீங்க முப்பத்திரண்டுல கேட்டிருக்கணும்."

கதவுகள் பல இருந்தன. ஒவ்வொன்றின் நிலையிலும் ஒரு வயது எழுதியிருந்தது. அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, "ஒரு தடவை முயற்சி பண்ணலாம். இன்னொரு தடவைக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். படிவத்தில் 'கணவர்' என்ற வரியை அவரே கோடு போட்டு அடித்தார். அடுத்திருந்த 'உடன் வருபவர்' என்ற வரியை அடிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுக்கும் நாளில் யாராவது கூட இருந்தே ஆக வேண்டும். அந்த வரியை அவள் காலியாக விட்டுவிட்டு வந்தாள்.

முட்டை வளரப் பத்து நாளுக்கு, அம்மாவின் இன்சுலினைப் போலவே, பேனா வடிவ ஊசி ஒன்று, கடைசி நாளுக்குத் தனியாக இன்னொன்று. இரண்டும் குளிரிலேயே இருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். வீட்டில் இருப்பது ஒரே ஃபிரிட்ஜ், அது அண்ணியின் ஆட்சிப் பகுதி. பாதி எலுமிச்சை கூட எந்தத் தேதியில் நறுக்கியது என்று அவளுக்குத் தெரியும். இவளுக்கென்று தனி அறை கிடையாது. அம்மாவோடு ஒரே அறை. அதன் தாழ்ப்பாள் உடைந்து நான்கு வருடம் ஆகிறது, அடுத்த ஞாயிறு மாற்றிவிடுவதாக அண்ணன் நான்கு வருடமாகச் சொல்கிறான். தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் குளியலறை. அதிலும் பத்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவார்கள். நாளெல்லாம் கண்ணாடிக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டுச் சுவரும் கண்ணாடியாகத்தான் இருந்தது. பணிமனைக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறையைப் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னல் சின்னது, அடுப்படி அதைவிடச் சின்னது. ஆனால் கதவுக்கு உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள். இரண்டையும் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "தனியா ஒரு பொம்பளைன்னா... யோசிச்சுச் சொல்றேன்" என்றவர் ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஊசிகளை எங்கே ஒளிப்பது? ஊசி இருக்கும் இடத்தில்தான். ஃபிரிட்ஜ் கதவில் அம்மாவின் நீல டப்பா இருந்தது. அதில் அம்மாவின் பேனாக்கள் இரண்டு. அவற்றுக்கு அடியில் தன்னுடைய இரண்டையும் செருகினாள். ஏழரைக்கு அம்மாவுக்கு, ஏழே முக்காலுக்குக் குளியலறையில் தனக்கு. பத்து நாள் ஒரு நிமிடம் பிசகவில்லை. தீர்ந்த பேனாவைப் பணிமனைக்குக் கொண்டுபோய், காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

பதினோராம் நாள் மதியம் நர்ஸ் கூப்பிட்டாள். "இன்னிக்குக் கடைசி ஊசி. ஏழே முக்கால்னா ஏழே முக்கால்தான். அதை வெச்சுத்தான் நாளன்னிக்குக் காலைல எடுக்கறோம்."

"நான் டைம் கீப்பர் சிஸ்டர்."

"அப்ப சந்தோஷம். விட்டுட்டா முட்டை எதுவும் கைக்கு வராது. இத்தனை நாள் போட்டது வீணாயிடும்."

மாலை ஏழு இருபத்தெட்டுக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாள். நீல டப்பா இருந்தது. அம்மாவின் பேனா இரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை.

டப்பா காணாமல் போயிருந்தால் வீடே அதிரக் கேட்டிருப்பாள். இதை எப்படிக் கேட்பது? இங்கே மூன்று இருந்ததே என்றால், ரெண்டுதானே எப்பவும் என்பாள் அண்ணி. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு சொல்லும் இவளைத்தான் காட்டிக்கொடுக்கும். மருத்துவமனை மருந்துக்கடை ஏழுக்கே மூடியிருக்கும். காய்கறி அறையை இழுத்தாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டாள். குப்பைக் கூடையின் மூடியைக் காலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தேடறே?" பின்னால் அண்ணி.

"எலுமிச்சம்பழம்."

"கையில வெச்சிருக்கியே, அது என்ன?"

பார்த்தாள். எலுமிச்சம்பழம்தான்.

"மத்தியானம் ஃபிரிட்ஜைக் கழுவினேன். ஒண்ணும் கலைக்காம வெச்சிருக்கேன், நீ கலைக்காதே" என்றாள் அண்ணி.

அவள் அம்மாவின் பேனாவோடு அறைக்கு வந்தாள். அம்மா வழக்கம்போல் சாய்ந்திருந்தாள். மணி ஏழு முப்பத்தாறு. சதையைக் கிள்ளினாள், ஊசியை ஏற்றினாள்.

"இன்னிக்கு அவசரமாக் குத்தறே" என்றாள் அம்மா.

"இல்லையே."

"நாலு வருஷமா என் வயித்துல குத்தற கை. எனக்குத் தெரியாதா? நீ தேடறது என்கிட்ட இருக்கு."

அவள் ஊசியை வெளியே எடுத்து மூடியைப் போட்டாள்.

"உங்க அண்ணி டப்பாவைக் கவுத்துக் கழுவப் போனா. நான்தான் முந்தி எடுத்துட்டேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. என் டப்பால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சர்க்கரைதான்டி கூடியிருக்கு, கண்ணு போகலை. பேரை எழுதிட்டுப் போய் மருந்துக்கடைல கேட்டேன். இது குழந்தைக்காகப் போடறது, கடைசி ஊசிக்கு ரெண்டாம் நாள் மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பாங்க, யாருக்கும்மான்னான். எனக்குத்தான்னேன். இன்னும் சிரிச்சிட்டிருப்பான்."

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். "குடும்மா. டைம் ஆகுது."

"ஏழே முக்கால்தானே? தினம் அந்த நேரத்துக்குத்தானே குளியலறைக்குள்ள ஓடறே." அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "முதல்ல ஒண்ணு சொல்லு. வயிறு தெரிஞ்சா உங்க அண்ணன் சும்மா இருக்க மாட்டான். நீயும் இருக்க மாட்டே. ரூம் பார்த்திருக்கேல்ல? உன் பையில வீட்டுக்காரர் நம்பர் பார்த்தேன். அங்க எனக்கு இடம் உண்டா?"

"அது ஒரு ஆள் தங்கற ரூம்மா."

"அப்ப குழந்தையை எங்க, வாசல்லயா படுக்க வைப்பே?"

"அம்மா..."

"நீ போயிட்டா எனக்கு யாரு ஊசி போடுவா? உங்க அண்ணி கையால குத்து வாங்கறதுக்கு நான் சர்க்கரையிலயே போய்ச் சேர்ந்துடுவேன். கூட்டிட்டுப் போறேன்னு சொல்லு."

ஏழு நாற்பத்தொன்று. அம்மா கெட்டவள் இல்லை என்பது அந்த நிமிடத்திலும் அவளுக்குத் தெரிந்தது. பயந்தவள்; கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு, அதை இறக்குகிறாள். பத்து நாளாக இவள் அம்மாவின் நோய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தாள், இப்போது அம்மா இவள் ஆசைக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். நியாயம் பேச இரண்டு தரப்புக்கும் வழியில்லை. ஆனாலும் அந்த இரண்டு தாழ்ப்பாள்களும் நினைவுக்கு வந்தன. அவற்றைப் போட்டுக்கொண்டு உள்ளே தானும் குழந்தையும் மட்டும் என்று ஒரு மாதமாக எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள்!

"கூட்டிட்டுப் போறேன்."

"சத்தியமா?"

"நேரம் ஆகுதும்மா!"

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஃபிளாஸ்கை எடுத்தாள். உள்ளே ஐஸ் துண்டுகள், அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பேனா. "இங்கயே போட்டுக்கோ" என்று நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டி மகளின் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள், நான்கு வருடமாகத் தனக்கு நடந்ததைப் போலவே.

வெளியே கதவை யாரோ தள்ளினார்கள். "ஏன் திறக்க மாட்டேங்குது?" அண்ணியின் குரல்.

"நான் உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அம்மா.

"கதவுமேலயா?"

"கால் வலிக்குது. எங்க வலிக்குதோ அங்க உட்காருவேன்."

ஏழு நாற்பத்தைந்து. ஊசி ஏறியது. மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு எடுத்தாள். அம்மா கையை எடுக்கவில்லை. "நாளன்னிக்குக் கூட யாராவது வரணும்னு கேப்பாங்களே. நான் வர்றேன்" என்றாள். கேள்வியாக இல்லை, தீர்மானமாக.

மறுநாள் ஊசி இல்லாத நாள். கூண்டுக்குள் உட்கார்ந்து காலை வண்டிகளை எல்லாம் அனுப்பிவிட்டு, கணக்கு வாத்தியாருக்கு ஃபோன் செய்தாள். இல்லை என்று அவரே சொல்லிவிட்டால் தேவலாம் என்று உள்ளுக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு ஆள்னு சொல்லியிருந்தேன். எங்க அம்மாவும் வருவாங்க."

"அம்மா கூட இருக்காங்களா?" வாத்தியாரின் குரல் ஒரே அடியாக இளகியது. "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா! இத்தனை நாள் யோசிச்சிருக்க மாட்டேனே. எப்ப வேணா சாவியை வாங்கிக்குங்க."

ஒரு மாதம் தள்ளியும் திறக்காத கதவு அது. அம்மா என்ற சொல்லுக்கு உடனே திறந்துகொண்டது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"மூணு பேர் ஆனாலும் ஆகலாம் சார்."

"மூணாவது யாரு?"

"இன்னும் தெரியலை."

கண்ணாடிக்கு வெளியே ஒரு டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வண்டி நான்கு நிமிடம் தாமதம், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று அவர் முகம் கேட்டது. அவள் ஃபோனை வைத்தாள், பேனாவை எடுத்தாள், நான்கு என்று எழுதினாள்.