செல்வி வீட்டுச் சோபா

காலை 6.40. ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது என் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது. நான்கு வருடமாக ஒரு தொண்டு நிறுவனம் மூலம் ராஜபாளையத்துப் பெண் ஒருத்தியைப் படிக்க வைக்கிறேன். பெயர் முத்துலட்சுமி. அப்பா இல்லை, அம்மா செல்விக்கு பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. இருவரையும் முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன். ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா ஒருவன் வள்ளலாக ஊருக்குள் நுழைவது தினமும் நடக்கிற காரியமா?

சட்டைப் பையில் ஒரு படிவம். முத்துலட்சுமி பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். குடும்பம் இன்னும் கஷ்டத்தில்தான் இருக்கிறது என்று நேரில் பார்த்து நான் எழுதிக் கொடுத்தால் பிளஸ் டூ வரை உதவி தொடரும். வசதி வந்துவிட்டது என்று எழுதினால் அந்த இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். இவள் அம்மாவோடு கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். படிவ விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

7.30. இதற்கென்றே இங்கே இறங்கி வாங்கிய அரைக் கிலோ பால்கோவாவோடு பஸ் ஏறினேன். ராஜபாளையம் பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய்.

"யாரு வீட்டுக்கு சார் பால்கோவா?" என்று கண்டக்டர் சும்மா கேட்டார்.

"நான் படிக்க வைக்கிற பிள்ளை வீட்டுக்கு" என்று கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"நல்லது சார். செத்த உள்ள தள்ளி நில்லுங்க."

8.30. ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட வீட்டு வாசலில் வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய் கட்டியிருந்தது. உள்ளே சோபா. ஸ்டாண்டு ஃபேன். பெரிய டிவி. என் வீட்டுச் சோபாவில் ஸ்பிரிங் வெளியே வந்து இரண்டு வருடமாகிறது.

நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. செல்வி வாசலுக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்த்துத்தான் குரைத்தது.

"புதுசு சார், இன்னும் பழகல" என்றாள்.

"வசதியாத்தான் இருக்கீங்க போல" என்றேன் சுருக்கென்று.

"அம்புட்டும் உங்க புண்ணியம் சார்" என்று செல்வி பூரித்துப் போனாள். முத்துலட்சுமி மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள். இரண்டாவது காப்பியை விட்டு மிச்சம் பிடித்து நான் அனுப்ப, இங்கே சோபாவா? படிவத்தில் எழுத வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் தயார் செய்துவிட்டேன்.

9.15. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏட்டி செல்வி, எங்க வீட்டு அவிய மில்லுல நைட் ஷிப்ட் முடிச்சு வந்துட்டாவ. ஃபேன் இல்லாம தூங்க மாட்டாவ" என்று சொன்னபடியே ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பத்து நிமிடத்தில் எதிர்வீட்டுக்காரர் தன் தம்பியோடு வந்தார். "சார், செத்த எந்திரிங்க. மகளைப் பொண்ணு பாக்க வாராவ, சோபா வேணும்." எழுந்தேன். சோபாவோடு டிவியும் போனது; அதுவும் அவருடையதுதானாம். கடைசியாக நாயின் சொந்தக்காரர் வந்து நாயை அவிழ்த்தார். போகும்போதும் அது செல்வியைப் பார்த்து ஒரு தடவை குரைத்துவிட்டுத்தான் போனது.

அறையில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், பாடப் புத்தகங்கள் மிஞ்சின. நடுவில் நான்.

செல்வி அழுதேவிட்டாள். "நாலு வருசம் குடுத்தும் இவளுக அப்படியேதான் இருக்காளுகன்னு உங்களுக்கு மனசு விட்டுப் போயிருமோன்னு பயந்துட்டேன் சார்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்போது முத்துலட்சுமி சுவரைக் காட்டினாள். அங்கே சட்டம் போட்டு என் புகைப்படம் மாட்டியிருந்தது. முதல் கடிதத்தோடு நான் அனுப்பியது. ஒரு காரின் மேல் கை வைத்து ஜம்மென்று நிற்கிறேன்.

"காரு என்னாச்சு சார்? ஏன் ஆட்டோல வந்தீங்க?"

அந்த வெற்று அறையில் பொய் வரவில்லை. "அது மாடி வீட்டுக்காரர் காரும்மா" என்றேன்.

செல்வி அழுகையை நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் மூவரும் பாயில் உட்கார்ந்து பால்கோவா தின்றோம்.

11.00. கிளம்பும்முன் முத்துலட்சுமியிடம் பேனா வாங்கினேன். படிவம் எதற்கு என்று இருவருக்கும் சொன்னேன். 'வீட்டின் நிலை' என்ற இடத்தில் பாய், ஸ்டவ், புத்தகங்கள் என்று எழுதி, உதவி தொடர வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் பேனாவையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கினேன்.

முத்துலட்சுமி ஓடி வந்து கை நீட்டினாள்.

"சார், பேனா. பிளஸ் ஒன்னுக்கு வேணும்ல?"