தைராய்டு என்று ஒரு பொய்

எங்கள் வீட்டில் என் மனைவியின் நோய்க்குப் பெயர் தைராய்டு. பெயர் வைத்தவன் நான்.

கல்யாணத்துக்கு முன்பே, அடையாற்றில் ஒரு காபிக் கடையில், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சில வாரம் தூக்கமே இல்லாமல் பரபரவென்று இருப்பேன், சில வாரம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாது, மாத்திரை சாப்பிடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. "ஆத்துல நான் பாத்துக்கறேன்" என்று பெரிய சூரன் மாதிரி சொன்னேன்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். தினமும் என்ன மாத்திரை என்று அம்மா கேட்டபோது, மயிலாப்பூரில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கிற வியாதியாகப் பார்த்து, தைராய்டு என்றேன். அதற்கு முட்டைக்கோஸ் ஆகாதாமே என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து வீட்டில் கோஸ் வாங்குவதில்லை. என் மனைவிக்கோ கோஸ் கூட்டு என்றால் உயிர். மூன்று வருஷம் அம்மாவிடம் வாயே திறக்கவில்லை. என்னிடம் மட்டும், "எப்போ சொல்லப்போறேள்?" என்று அவ்வப்போது கேட்பாள்.

போன மாதம் அந்தப் படம் வந்தது. மனநோய் உள்ள ஒரு பெண்ணைக் காதலிக்கிறவன் கதை. சிரிக்கச் சிரிக்க எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவளே டிக்கெட் எடுத்து, தி. நகரிலிருந்து என் அக்காவையும் வரச்சொன்னாள்.

"படத்தைப் பத்தி எப்படியும் பேச்சு வரும். அப்போ சொல்லிடுங்கோ. நானா சொன்னா உங்களைப் பொய்யனாக்கின மாதிரி ஆயிடும்."

சரி என்று தலையாட்டினேன்.

கதாநாயகி விடியற்காலையில் தெருவை அடைத்துக் கோலம் போட, தியேட்டரே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. இன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டோமா இல்லையா என்று குழம்பி அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் இடத்தில், என் மனைவி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

இடைவேளையில் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "பாக்க நன்னாத்தான் இருக்கு. இப்படி ஒருத்தி நம்மாத்துக்கு வந்தா என்னடா பண்ணுவே?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோ பிடிச்சு அவ அம்மா ஆத்துல விட்டுட்டு வந்துடுவேன்."

அக்கா சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "படம் எப்படி?" என்றாள்.

என் மனைவி செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள். "படத்துல வர பொண்ணுக்கு மனசுல வியாதிம்மா. அதேதான் எனக்கும். தைராய்டெல்லாம் இல்லே. இவர்கிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ நீ கோஸ் சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்மா."

மறுநாள் காலை, நான் ஆபீசுக்குக் கிளம்புமுன் அம்மா தட்டு வைத்தாள். கோஸ் கூட்டு. மருமகளுக்கு இரண்டு கரண்டி போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருஷமா இவ வாயைக் கட்டி வெச்சிருக்கியேடா. என்னைப் பத்தி அவ்வளவு மட்டமாவா நெனச்சுண்டிருந்தே?"

நான் குனிந்து சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் மனைவி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும், மூன்று வருஷமாக அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்ட மாத்திரையை எங்கள் எதிரிலேயே அட்டையிலிருந்து பிய்த்தாள்.

தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டியவள் அம்மா.